தங்கை எப்படி விழுந்தாள்

மதுரைக்கு ஆஸ்பத்திரிப் படிப்புக்குப் போனபோது, விழுவதற்கு இங்கிலீஷில் எனக்கு ஒரே சொல்தான் தெரியும். ஃபால். பள்ளிக்கூடத்தில் மழைக்கும் மாம்பழத்துக்கும் மனிதனுக்கும் அந்த ஒன்றையே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வார்டில் சேர்ந்த புதிதில், இடுப்பில் அடிபட்டு வந்த ஒரு பெண்ணின் சீட்டில் ‘விழுந்தாள்’ என்று மட்டும் எழுதி வைத்தேன். எங்களுக்குப் பாடம் எடுத்த டாக்டர் அம்மாள் வெள்ளைக்காரி. சீட்டைப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எப்படி விழுந்தாள் என்று கேட்டார். விழுந்தாள் என்றால் விழுந்தாள்தானே, அதில் எப்படி என்ன இருக்கிறது என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் அவர் சொல்லிக்கொடுத்த வரிசை எனக்கு இன்னும் மாறாமல் நினைவிருக்கிறது. ஈரத்தரையில் கால் வழுக்கினால் ஸ்லிப். படியிலோ கல்லிலோ கால் தடுக்கினால் ட்ரிப். தடுக்கிய பிறகு கீழே போகாமல் தள்ளாடிச் சமாளித்துவிட்டால் ஸ்டம்பிள். குழந்தைகள் உருண்டு புரண்டு விழுவது டம்பிள். கையிலிருந்த பொருளை நழுவவிடுவது டிராப். மழையில் ஊறிய மண்சுவர் உட்காருவது போல ஆள் நின்ற இடத்திலேயே மடங்கிப்போனால் கொலாப்ஸ். கண் இருட்டிக்கொண்டு நினைவு தப்பிச் சாய்ந்தால் ஃபெயிண்ட். சொல்லைச் சரியாகப் போடாவிட்டால் வைத்தியமும் தப்பாகப் போகும் என்பார் அவர். வழுக்கி விழுந்தவளுக்கு எலும்பைப் பார்க்க வேண்டும். மயங்கி விழுந்தவளுக்கு எலும்பை அப்புறம் பார்க்கலாம், முதலில் நாடி. விழுந்ததால் மயங்கினாளா, மயங்கியதால் விழுந்தாளா என்று கேட்காமல் கட்டுத் துணியைத் தொடாதே என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

எனக்கு எதையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டால்தான் மனசு நிற்கும். வீட்டில் சட்டி பானையைக்கூட அப்படித்தான் அடுக்குவேன். ஆகவே ஃபால் என்கிற அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது. அதன் மற்றப் புழக்கங்களையும் கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன். அவர்களுக்கு விலை விழும், கோட்டை விழும். அதெல்லாம் நமக்கும் பொருந்தும். ஆனால் அவர்கள் தூக்கத்திலும் விழுகிறார்கள். நமக்குத் தூக்கம்தான் வரும், நாம் இருந்த இடத்தில் இருப்போம். இரவும் அவர்களுக்கு விழுகிறது, பேச்சு நின்ற பிறகு மௌனமும் விழுகிறது. காதலில் விழுவது என்று ஒன்று உண்டாம். அதை விளக்கச் சொன்னபோது டாக்டர் அம்மாள் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். விழுந்த பெண் என்றால் யார் என்பதை அவர் சொல்லவில்லை. மூலை அறையில் புருஷன் பெயர் எழுதாத சீட்டோடு படுத்திருந்தவளைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். எழுந்து நடமாடுகிற ஒருத்தியை விழுந்தவள் என்று சொல்லுகிற பாஷை எனக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை.

கடைசியாகக் கற்றது காக்கா வலிப்பு. அதை அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்கள் விழுகிற வியாதி என்றே அழைத்தார்கள் என்று டாக்டர் அம்மாள் சொன்னார். மற்ற விழுகைகளெல்லாம் ஆள் எழுந்ததும் முடிந்துவிடுகின்றன. இது ஒன்று மட்டும் ஆள் எழுந்த பிறகும் அவன் பெயரோடு சேர்ந்துகொள்கிறது. உடம்பு விறைக்கும், கை கால் வெட்டும், வாயில் நுரை வரும், நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், தெளிந்த பின்னும் வெகுநேரம் ஆள் தெரியாது, அசந்து தூங்குவார்கள். இவற்றையும் வரிசையாகப் பாடம் பண்ணினேன். கட்டியிருப்பதைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லுக்கிடையில் துணிச்சுருள் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைத் தவிர அந்நேரத்தில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. வார்டுக்குச் சாவிக்கொத்தோடு ஓடிவருகிற சொந்தக்காரர்களை வெளியே அனுப்புவது என் வேலையாக இருந்தது. கொஞ்சம் கடுமையாகவே அனுப்புவேன்.

படிப்பு முடிந்து பள்ளத்தாக்குக்குத் திரும்பி வந்தேன். எங்கள் ஊர் மாதா கோயிலை ஒட்டி ஓடு வேய்ந்த ஓர் அறையைப் பங்குச் சாமியார் எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார். உள்ளே பூட்டு வைத்த மருந்து அலமாரி, வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. மலைமேல் பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கூடலூர்ப் பக்கமிருந்து வண்டியில் ஆள் வந்துகொண்டே இருக்கும். எல்லாரும் விழுந்தவர்கள்தான், ஆனால் விழுந்தேன் என்று வாயால் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. கல்லு வாரிவிட்டுருச்சு என்பார்கள், மாடு சாச்சிருச்சு என்பார்கள், சும்மா லேசாச் சறுக்கிருச்சு என்று முழங்கை எலும்பு வெளியே தெரியக் காட்டுவார்கள். வளர்ந்த மனிதர் விழுவது எங்கள் பக்கத்தில் வெட்கக்கேடு. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்களே என்பது அடிபட்ட வலியைவிடப் பெரிதாக இருக்கும். நான் விடமாட்டேன். தடுக்கியதா, வழுக்கியதா, தலை சுற்றியதா, முதலில் எது தரையில் பட்டது என்று துருவித் துருவிக் கேட்பேன். மருந்துக்காரப் பொண்ணு போலீஸ்காரனாட்டம் கேக்குது என்று பெஞ்சில் பேசிக்கொள்வார்கள்.

எங்கள் ஊர்களில் ஒருவர் விழுந்தால் தண்ணீருக்கு ஒரு ஆள் ஓடும். அந்தத் தண்ணீர் குடிப்பதற்கு மட்டுமல்ல. விழுந்த இடத்தின் மேலும் ஒரு செம்பு ஊற்றுவார்கள். ஊற்றிவிட்டால் பயம் மண்ணோடு போய்விடும் என்று எண்ணம். தரை ஈரமாக இருந்தால் யாரோ விழுந்து எழுந்து போயிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று எல்லாருக்கும் தெரியும். வலிப்பு வந்து விழுந்தவர்களுக்கு மட்டும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். அவர்கள் கையில் இரும்பைத் திணிப்பார்கள். சாவி, அரிவாள், ஏர்க்கொழு, எது அருகில் இருக்கிறதோ அது. ஆகவே பின்னால் வருகிறவர் யாரும் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. தரையைப் பார்த்தால் போதும், இல்லையென்றால் கையைப் பார்த்தால் போதும்.

நான் திரும்பி வந்த பிறகு இந்த இரும்பு விஷயத்தில் ஊரோடு சண்டை பிடித்தேன். சந்தைக்கு நடுவில் ஒருவன் விழுந்து துடித்தபோது அவன் கையிலிருந்த அரிவாளை எல்லாரும் பார்க்கப் பிடுங்கி எறிந்தேன். வெட்டுகிற கையில் அரிவாளைக் கொடுக்கிறீர்களே என்று திட்டினேன். அதிலிருந்து எனக்கு ஒரு பெயர் ஏற்பட்டது, இரும்பைப் பிடுங்குகிற பொண்ணு என்று. அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இருந்தது. உத்தமபாளையத்திலிருந்து ஒரு ராவுத்தர் வீட்டு அக்கா மாதாமாதம் வண்டி கட்டிக்கொண்டு என்னிடம் வர ஆரம்பித்ததும் அந்தப் பெயரைக் கேட்டுத்தான். சின்ன வயதிலிருந்தே அவருக்கு வலிப்பு உண்டு. கட்டிக்கொடுத்த வீட்டில் ஒருமுறை விழுந்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தம்பி வீட்டில் இருந்தார். நான் புரோமைடு மருந்தைக் கலக்கிக் கொடுப்பேன். காய்ச்சலுக்கு யாராவது வெட்கப்படுகிறோமா, இதுவும் அதைப்போல ஒரு நோய்தான் அக்கா என்று முதல் நாளே சொன்னேன். அவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, முக்காட்டுக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கும் நான் பெருமைப்பட்டேன்.

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது அந்த வருஷம் ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு. மாப்பிள்ளை வீடு எங்கள் பங்கைச் சேர்ந்த பக்கத்து ஊர். தோட்டமும் கிணறும் உள்ளவர்கள். மாப்பிள்ளையின் தாயார் எங்களுக்குத் தூரத்து உறவில் அயித்தை முறை. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்கவிருக்கிறது, விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சத்தமாக வாசிப்பார். முதல் ஓலை நன்றாகப் போனது. அன்று தங்கை முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டே இருந்தாள் என்று அம்மா கடிந்துகொண்டாள்.

இரண்டாம் ஓலையன்று கோயிலில் நல்ல கூட்டம். வெயில் காலம் வேறு. நற்கருணை அப்பம் வாங்குகிறவர்கள் முந்தின நள்ளிரவிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடத் தொடக்கூடாது. தங்கை சனிக்கிழமை மத்தியானக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டவள், படபடப்பில் ராத்திரியும் சாப்பிடவில்லை. இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பெண்கள் பக்கத்தில் அவள் முன்னாலும் நான் அவளுக்குப் பின்னாலும் இருந்தோம். உபதேசியார் ஓலையை விரித்து எங்கள் அப்பாவின் பெயரை வாசித்தார். பெயர் முடிவதற்குள் தங்கை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பக்கத்திலிருந்தவளின் தோளில் பட்டு, தரையில் சரிந்தாள்.

அப்போது நான் செய்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு வரும். யார் முதலில் இரும்பு கொண்டுவந்து கொடுப்பது என்று பிள்ளைகளுக்குள் போட்டி. எப்போதும் நான்தான் முந்துவேன். இரும்போடு முந்திய அந்தச் சிறுமி எனக்குள் அப்படியே இருந்திருக்கிறாள் போலும். என் முந்தானையில் முடிந்திருந்த அலமாரிச் சாவியை அவிழ்த்து, தங்கையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி என் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்ட பிறகுதான் அவளைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை. கை துணி மாதிரித் துவண்டு கிடந்தது, விறைப்பு இல்லை, வெட்டு இல்லை. நாடி மெல்லியதாக ஓடியது. இது ஃபெயிண்ட், வெறும் பசி மயக்கம் என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அம்மா செம்பில் தண்ணீரோடு வந்து சேர்ந்தாள். முகத்தில் தெளித்துவிட்டுத் தரையிலும் ஊற்றினாள், கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினாள். ஆனால் தரையை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயாரும் பார்த்தார்.

தங்கை கண் திறந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். தண்ணீர் கேட்டாள், பிறகு நற்கருணை வாங்கவில்லையே என்று நினைவு வந்து வேண்டாம் என்றாள். கையில் என்ன இருக்கிறது என்று விரித்துப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் மண்வெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அம்மா அடுப்படியில் புலம்பினாள். ஊருக்கெல்லாம் இரும்பு கொடுக்காதே என்று சொல்லிவிட்டு, பெற்ற வீட்டுக்கு மட்டும் கொடுத்தாயே என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அது வெறும் மயக்கம் என்று அவளிடமும் வரிசையாக விளக்கினேன். எனக்குத் தெரியாதா என்றாள். அவளுக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டுமே.

அதைவிட மோசம், தங்கைக்கும் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து என் அருகில் உட்கார்ந்தாள்.

“அக்கா, நெசத்தச் சொல்லு. எனக்கு அதுதேனா?”

“இல்லடி. பசி. வெறும் வயித்துல நின்ன.”

“அப்ப ஏங் குடுத்த?”

கை பழக்கத்தில் போய்விட்டது என்றேன். அவள் நம்பவில்லை. இத்தனை விழுகைகளைப் பிரித்துப் பிரித்துச் சொல்லத் தெரிந்த அக்கா தவறாகக் கொடுத்திருக்க மாட்டாள், தனக்குத் தெரியாத எதையோ தன் உடம்பில் பார்த்துவிட்டு மறைக்கிறாள் என்றே நினைத்தாள். அதற்குப் பின் அவள் நடை மாறிப்போனது. கிணற்றடிக்குப் போகையில் ஓட்டமும் நடையுமாகப் போகிறவள், தலையில் நிறைகுடம் இருக்கிற மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்து, சுவரைத் தொட்டுக்கொண்டு போனாள். அண்டை வீட்டுக்காரிகள் அதையும் பார்த்தார்கள்.

ஊரில் பேசியது இதுதான். வேறு யாராவது இரும்பைக் கொடுத்திருந்தால் அறியாமல் கொடுத்தார்கள் என்று விட்டுவிடலாம். இரும்பைப் பிடுங்கி எறிகிறவளே கொடுத்தாள் என்றால் விஷயம் பழையதாகத்தான் இருக்கும், வீட்டில் வைத்துப் பலதடவை கொடுத்துப் பார்த்துத்தான் இருப்பார்கள். நான் சம்பாதித்து வைத்திருந்த பெயர் முழுவதும் தங்கைக்கு எதிராகத் திரும்பிவிட்டது. சாமியாரிடம் யாரும் போய் விக்கினம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் விசாரித்து இல்லையென்று தீர்த்திருப்பார். பேச்சு அவரிடம் போகாமல் தெருவிலேயே நின்றது.

வாரத்தின் நடுவில் மாப்பிள்ளையின் தாயார் என்னைத் தேடி மருந்தறைக்கு வந்தார். அன்று மருந்து வாங்க உத்தமபாளையத்து அக்கா வந்திருந்தார். பெஞ்சின் ஓரத்தில், தூணுக்கு மறைவாக, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் கவனித்தேன், பிறகு மறந்துபோனேன். அயித்தை உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினார். சண்டைக்கு வரவில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

“ஒன்னயக் குத்தஞ் சொல்ல வரல ஆத்தா. ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன். ஒந் தங்கச்சி எப்பிடி விழுந்தா?”

ஊரெல்லாம் நான் கேட்ட கேள்வி அது. நான் பதில் சொன்னேன். சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து சாப்பிடாதது, வெயில், நெரிசல், வெளுத்த முகம், துவண்ட கை, நாடி, நுரை இல்லாதது, உடனே பேசியது, எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் சொன்னேன். டாக்டர் அம்மாள் கேட்டிருந்தால் பாராட்டியிருப்பார்.

“நீ படிச்சவ. நீ சொல்றதெல்லாம் சரியாத்தேன் இருக்கும். ஆனா மயக்கத்துக்கு எங்க பக்கம் தண்ணிதேன் தெளிப்பாக. சாவியக் குடுக்க மாட்டாக.”

“பதறிப்போயிக் குடுத்துட்டேன் அயித்தை.”

“பதறுனா மனசுல இருக்கிறதுதான வெளிய வரும்? எம் மகனுக்கு நாளைக்குப் பிள்ளைகுட்டி ஆகணும். தாயா இருந்து நான் கேக்காம யாரு கேப்பா?”

அவர் கேட்டதில் தப்பு இல்லை. அதுதான் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. கல்யாணம் கையைவிட்டுப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. என் கையால் போகிறது என்பதும் தெரிந்தது. நான் குரலை உயர்த்தினேன்.

“அந்தக் கருமமெல்லாம் எங்க வீட்டுல கெடையாது அயித்தை. நாங்க அப்பிடிப்பட்ட குடும்பமில்ல. அப்பிடி ஒரு பிள்ளைய அடுத்த வீட்டுத் தலையில கட்டுற ஈனப்புத்தியும் எங்களுக்கு இல்ல.”

சொல்லி முடித்ததும் தூணுக்கு அந்தப் பக்கம் பெஞ்சு லேசாகக் கிரீச்சிட்டது. நான் திரும்பினேன். அக்கா காலி மருந்துப் புட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்கோ பலமுறை கேட்ட வார்த்தையை இன்னொரு இடத்தில் கேட்டவர் போல மட்டும் இருந்தார். காய்ச்சலைப் போல ஒரு நோய் என்று அவருக்கு நான் சொன்னது அதே இடத்தில்தான், அதே பெஞ்சில்தான். மன்னியுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அயித்தை முன்னால் அதைச் சொன்னால், ஏன் மன்னிப்பு என்று அவர் கேட்பார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா எழுந்து தூணைச் சுற்றி வந்தார். என்னைப் பார்க்காமல் அயித்தையைப் பார்த்துப் பேசினார்.

“நானும் விழுகுறவதேன். சின்னப்பிள்ளையில இருந்து. அந்தப் பிள்ள கண்ணு முழிச்சதும் என்ன செஞ்சுச்சு? நீங்க அங்கன இருந்தீகளா?”

அயித்தை கொஞ்சம் பின்வாங்கி நின்றார். பிறகு யோசித்துச் சொன்னார், முக்காட்டை இழுத்து மூடினாள் என்று. தண்ணீர் கேட்டாள், நற்கருணை வாங்கவில்லையே என்று குடிக்காமல் விட்டாள் என்று.

“முழிச்ச ஒடனே துணியச் சரி பண்ணுச்சா?”

“ஆமா.”

“எனக்கு முழிச்சா யாரு எவருன்னு தெரியாது. எம் பேரே எனக்குத் தெரியாது. துணி எங்கன கெடக்குன்னு எந் தம்பி பொண்டாட்டிதேன் பாக்கணும். நாக்கு கிழிஞ்சிருக்கும், ஒரு பொழுதுக்குத் தூங்குவேன். வெக்கம் வாறதுக்கு எனக்கு அரை நாளாகும். அந்தப் பிள்ளைக்குக் கண்ணு முழிக்கிறப்பவே வெக்கம் வந்துருச்சுல்ல, அது எங்க சாதி விழுகுறது இல்லம்மா. கூசாமக் கட்டி வையிங்க.”

இதையேதான் நானும் சொல்லியிருந்தேன். உடனே பேசினாள், ஆள் தெரிந்தது என்று வரிசையில் நடுவில் சொல்லியிருந்தேன். ஆனால் நான் பெண்ணுக்குக் கூடப்பிறந்தவள், எனக்கு லாபம் இருந்தது. இவருக்கு ஒன்றுமில்லை. தன் உடம்பை எடுத்து நடுவில் வைத்துக் காட்டிய பிறகு சந்தேகப்பட அயித்தைக்கும் மனம் வரவில்லை. அவர் அக்காவின் கையைப் பிடித்து, நல்லாருப்ப தாயி என்றார். என்னிடம், மூணாவது ஓலைக்கு வந்துருவோம், பிள்ளைக்கு ராத்திரி ரெண்டு வாய் சோறாச்சும் குடுத்துக் கூட்டிட்டு வா என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் உள்ளே போய்ப் புட்டியைக் கழுவி மருந்து கலந்தேன். அளவுக் கண்ணாடியில் கோட்டைப் பார்க்கக் கண் கலங்கியது. கொண்டுவந்து கொடுத்தபோது, அக்கா, நான் சொன்னது, என்று ஆரம்பித்தேன். அவர் புட்டியை வெளிச்சத்தில் பிடித்து மூடியைச் சரிபார்த்தார்.

“வீட்டுப் பிள்ளைக்காகப் பேசுன. எங்கம்மாவும் அப்பிடித்தேன் சொல்லிச்சு, என்னையக் கட்டிக்குடுக்கையில.”

மூன்றாம் ஓலையன்று தங்கை நிமிர்ந்து நின்றாள். அம்மா என்னை அவளுக்குப் பின்னால் நிற்க விடவில்லை, கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டாள். ஓலை வாசித்து முடிக்கிறவரை கோயில் முழுவதும் தங்கையின் முதுகைப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. கல்யாண நாளும் குறித்தார்கள்.

மருந்தறையில் நடந்தது முழுவதையும் தங்கையிடம் சொன்னேன், நான் பேசியதையும் சேர்த்து. அயித்தை கேட்டது, அந்த அக்கா சொன்னது எல்லாம் கேட்ட பிறகுதான் அவள் சுவரைத் தொடாமல் நடந்தாள். என் வார்த்தையில் அவள் தேறவில்லை, அவர் வார்த்தையில் தேறினாள். முதலில் அவுகளக் கூப்பிடணும், அப்புறந்தேன் மத்தவகள என்றாள். என்னையே போகச் சொன்னாள். வெற்றிலை பாக்குத் தட்டோடு நான் உத்தமபாளையம் போனேன்.

அவர் தம்பி வீட்டுப் பின்கட்டில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். தட்டை வாங்கி வைத்துவிட்டு எனக்குப் பானகம் கொடுத்தார். தங்கை சொல்லியனுப்பியதைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். பிறகு முறத்தைத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

“வரணும்னு ஆசதேன். நான் வந்து, அங்கன பந்தல்ல வச்சு விழுந்துட்டேன்னு வையி. அன்னிக்கிச் சொன்னது நாந்தேன்னு தெரிஞ்சவுக, பாத்தியா, ரெண்டும் ஒரே ராசிதேன்னு பிள்ளையப் பேசுவாக. வேணாம் தங்கச்சி. இங்கன இருந்தே துவா செய்யிறேன்.”

விழுந்தால் விழுங்கள் அக்கா, நான் பக்கத்தில் இருப்பேன், ஒருக்களித்துப் படுக்க வைப்பேன், யார் என்ன பேசினாலும் பேசட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தைகளை வண்டியில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். அவர் வர மாட்டேன் என்று சொல்லக்கூடும் என்றும் எதிர்பார்த்திருந்தேன். ஆனால் அவர் சொன்னதும் என் நெஞ்சில் இருந்த ஏதோ ஒரு பாரம் இறங்கியது. கல்யாணம் பத்திரமாக நடந்துவிடும் என்று தோன்றியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று, பானகத்தைக் குடிப்பது போல டம்ளரை முகத்துக்கு நேரே வெகுநேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“சரி அக்கா,” என்றேன்.